போனவளும் இருந்தவளும்

காவிரிக் கரை நாவல்கள் - 7

ஆடிப்பூரம் வந்துவிட்டால் நாகப்பட்டினம் நீலாயதாட்சி பக்கம் திரும்பிவிடும். காயாரோகணசுவாமி கோயிலில் இருக்கும் இந்த அம்மனைப் பருவமெய்திய கன்னிப் பெண்ணாகவே வழிபடுகிறார்கள். காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சி, காசி விசாலாட்சி என்ற வரிசையில் நாகை நீலாயதாட்சியையும் சேர்த்துச் சொல்வது ஊர் வழக்கம். திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் அவள்மீது கீர்த்தனை செய்திருக்கிறார். ஒரு பெண் பெரியவளாவதை ஊர் கூடித் தெருவெல்லாம் கொண்டாடும் திருவிழா அது.

அம்மனுக்குத் தெரு திறந்தது. அதே தெருவில் இருந்த வீட்டுப் பெண்களுக்கு, சில தலைமுறைகளுக்கு முன்புவரை, தெரு மூடியது. மாமன் சீரும் புட்டும் முடிந்த கையோடு பள்ளிக்கூடம் நின்றுவிடும். திண்ணை ஆண்களுக்கு; பெண்ணுக்குக் கூடமும் முற்றமும் கொல்லைக் கிணற்றடியும். பக்கத்து வீட்டுத் தோழி வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விடுவாள். மனசு விட்டுப் பேச மிஞ்சுவது அக்காவோ தங்கையோ, விடுமுறைக்கு வந்த அத்தை பெண்ணோதான். தமிழில் ஒரு பெண் வளரும் கதையை எழுத உட்கார்ந்த யாரும் அக்கா தங்கை கதையை எழுதாமல் தப்பிக்க முடியாததற்கு இந்த வீட்டு அமைப்பே பாதிக் காரணம்.

உலகத்திலேயே அதிகம் வாசிக்கப்பட்ட அக்கா தங்கை கதையும் ஒரு வீட்டுக் கூடத்தில்தான் தொடங்குகிறது. லூயிசா மே ஆல்காட் எழுதிய 'லிட்டில் விமன்' 1868 செப்டம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளியானது. அப்பா உள்நாட்டுப் போருக்குப் போயிருக்கிறார். வீட்டில் அம்மாவும் நாலு பெண்களும். கதை தொடங்கும்போது மெக்குக்கு 16 வயது, ஜோவுக்கு 15, பெத்துக்கு 13, ஏமிக்கு 12. அந்தக் காலத்துத் தஞ்சாவூர் அக்கிரகாரத்தில் பிறந்திருந்தால் நாலு பேர் கழுத்திலும் தாலி ஏறியிருக்கும். நாவலுக்கு வேலையே இருந்திருக்காது.

ஆல்காட்டுக்கு இந்தக் கதையை எழுதுவதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. பெண்பிள்ளைகள் வாசிக்க ஒரு புத்தகம் வேண்டும் என்று ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகத்தின் தாமஸ் நைல்ஸ் கேட்டார். தன் சகோதரிகளைத் தவிர வேறு பெண்பிள்ளைகளைத் தனக்கு அதிகம் தெரியாது என்று ஆல்காட் டைரியில் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். தெரிந்த சகோதரிகளையே கதையில் இறக்கினார். மூத்தவள் ஆன்னா மெக் ஆனாள். 1858-ல் நோயில் இறந்துபோன எலிசபெத் பெத் ஆனாள். கடைக்குட்டி மேயின் பெயரை எழுத்து மாற்றிப் போட்டு ஏமி ஆக்கினார். ஜோ, அவரேதான். முதல் அச்சின் 2,000 பிரதிகள் சீக்கிரமே தீர்ந்தன. அதன்பின் கடிதங்கள் குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே விசாரிப்பு: யாருக்கு யாரோடு கல்யாணம்? பக்கத்து வீட்டுப் பையன் லாரியை ஜோவுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று வாசகர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஆல்காட் அசையவில்லை. 1869-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோ லாரியை மறுக்கிறாள். லாரி போய் ஏமியைக் கட்டுகிறான். அந்தக் கோபம் இன்னும் சில வாசகிகளுக்கு ஆறவில்லை.

ஒரே கூரையின் கீழ் ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த பெண்கள் எந்த இடத்தில் வேறு வேறு ஆட்களாகிறார்கள்? அக்கா தங்கை நாவல் எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். ஆல்காட்டின் விடை, குணம். ஜோவின் முன்கோபம் ஜோவை ஒரு பக்கம் தள்ளுகிறது, ஏமியின் நாசூக்கு ஏமியை இன்னொரு பக்கம். காவிரிக் கரையிலிருந்து வந்த விடை வேறு மாதிரி இருந்தது. அதை எழுதியவர் கல்கி. நாவல், 'அலை ஓசை'.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9 அன்று மாயவரம் தாலுகா புத்தமங்கலத்தில் பிறந்தவர். அப்பா ராமசாமி ஐயர் கிராமக் கணக்கு பார்த்தவர். புத்தமங்கலம் அன்று தஞ்சாவூர் ஜில்லா. 1991-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அதோடு வந்தது. 2020-ல் மயிலாடுதுறை பிரிந்தபோது அங்கே போய்ச் சேர்ந்தது. மாயவரத்திலும் திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளியிலும் படித்துக்கொண்டிருந்த பையன், 1921-ல் காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே படிப்பை விட்டான். அடுத்த வருஷம் ஜெயில். பிறகு பத்திரிகை. ஆனந்த விகடனில் பேர் வாங்கி, 1941-ல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார்.

'பொன்னியின் செல்வன்' எழுதியவராகத்தான் கல்கி இன்று பேரன் பேத்திகளுக்கு அறிமுகம். அவருக்குச் சாகித்ய அகாதமி விருது வாங்கிக் கொடுத்ததோ 'அலை ஓசை'. 1954 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். 1956-ல் விருது வந்தது. தமிழில் அந்த விருதைப் பெற்ற முதல் நாவல் அதுதான். 1948, 1949-ல் கல்கி இதழில் வாராவாரம் வந்த கதை. காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட வருஷத்திலேயே தொடங்கிய தொடரில் அந்தக் கொலையும் வருகிறது என்றால், அன்றைய வாசகருக்கு அது எவ்வளவு கிட்டத்தில் நடந்த கதை என்று யோசித்துக்கொள்ளலாம். பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்று நாலு பாகங்கள். தலைப்புகளைப் பார்த்தால் சரித்திரப் புத்தகம் என்று தோன்றும். உள்ளே இருப்பது இரண்டு பெண்களின் கதை.

முதல் அத்தியாயத்தின் பெயர் 'தபால்சாவடி'. ராஜம்பேட்டை என்கிற ஒரு கிராமத்துத் தபாலாபீசில் கதை ஆரம்பிக்கிறது. ராஜம்பேட்டை கல்கி கட்டிய கற்பனை ஊர். அதன் சாயல் தஞ்சைச் சீமை: அக்கிரகாரம், பட்டாமணியம், குளம், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண், பட்டணத்துக்குப் படிக்கப் போன பிள்ளை. பட்டாமணியம் கிட்டாவய்யரின் மகள் லலிதா. அவருடைய தங்கை ராஜம் பம்பாயில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் புருஷன் துரைசாமிக்கு ரயில்வே உத்தியோகம். ராஜத்தின் மகள் சீதா. ஆக, சீதாவும் லலிதாவும் அத்தங்காளும் அம்மங்காளும். கூடப் பிறந்தவர்கள் இல்லை என்று ஒரு கணக்குப்பிள்ளை வேண்டுமானால் சொல்வார். அந்த வீட்டுக்குள் வாசகர் பார்ப்பது இரண்டு சகோதரிகளை.

சீதா பம்பாயில் வளர்ந்தவள். சமுத்திரத்தைப் பார்த்தவள், பெரிய ஊரின் கூட்டத்தில் நடந்தவள், வாய் ஓயாமல் பேசுகிறவள். லலிதாவுக்கு ராஜம்பேட்டைதான் உலகம். சீதா கொண்டுவரும் ஊர்க்கதைகள் லலிதாவுக்கு வேண்டும். லலிதா வீட்டின் நிழல் சீதாவுக்கு வேண்டும். ஒருத்தியிடம் இருப்பது மற்றவளிடம் இல்லை என்பதால் பொறாமை வர வேண்டிய இடத்தில் முதலில் மயக்கம்தான் வருகிறது. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் கோடை விடுமுறைக்கு ஒரு பட்டணத்து உறவுக்காரப் பெண் வீட்டுக்கு வந்து தங்கிய யாருக்கும் இந்த மயக்கம் தெரிந்ததுதான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பாயில் படுத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுவதைக் கேட்டுப் பெரியவர்கள் அதட்டும் வயசு அது.

அந்த வயசு ஒரு பெண் பார்க்கும் படலத்தில் முடிகிறது. டில்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் சௌந்தரராகவன் லலிதாவைப் பார்க்க வருகிறான். லலிதாவின் அப்பா கடிதம் எழுதி, ஜாதகம் பார்த்து, நாள் குறித்து வரவழைத்த வரன். வீடு முழுக்க ஏற்பாடு. வந்தவன் கண்ணில் பட்டவள் சீதா. அவளைத்தான் பிடித்திருக்கிறது என்கிறான்.

கல்கி இந்த இடத்தைக் கையாளும் விதத்தைக் கவனிக்க வேண்டும். வேறொரு கதாசிரியர் கையில் இது லலிதாவின் கண்ணீரில் முடிந்திருக்கும். கல்கியோ லலிதாவின் மனசை ஏற்கெனவே அண்ணன் சூரியாவின் சினேகிதன் பட்டாபிராமனிடம் கொடுத்துவைத்திருக்கிறார். பெண்ணுக்கு நிம்மதி, அம்மா சரஸ்வதி அம்மாளுக்கு ஆத்திரம். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை நாத்தனார் பெண் தட்டிக்கொண்டு போனாள் என்கிற ஆத்திரம் அது. அவமானப்பட்டதாக நினைப்பது யார், உண்மையில் நஷ்டப்பட்டது யார் என்று பார்த்தால் இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லை. அந்த நாளில் ஜெயித்தவளாக ஊர் நினைத்தவள் சீதா. நாலு பாகம் முழுக்கத் துன்பப்படப் போகிறவளும் அவள்தான். ஆல்காட்டின் சகோதரிகளைப் பிரித்தது குணம் என்றால், இந்தச் சகோதரிகளைப் பிரித்தது மூன்றாம் மனிதன் ஒருவனின் ஒரு நாள் பார்வை. குணத்துக்கு அங்கே வாய் திறக்க நேரமே தரப்படவில்லை.

அன்றைய சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதையின் வருஷங்கள் துலங்கும். பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது ஆகாமல் கல்யாணம் கூடாது என்ற சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 1949-ல் அது 15 ஆனது. 18 ஆக 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்கியின் கதையில் இடம்பெறும் பீகார் பூகம்பம் 1934 ஜனவரி 15-ல் நடந்தது. அக்கிரகாரத்துப் பெண்களுக்குப் பருவம் வந்ததற்கும் தாலி ஏறுவதற்கும் நடுவில் சில வருஷங்கள் முதன்முதலாகச் சட்டப்படி கிடைத்த காலம். அந்தச் சில வருஷங்களில் ஒரு பெண் என்ன நினைத்தாள், யாரை விரும்பினாள் என்று கதை எழுத இடம் பிறந்தது அப்போதுதான். லலிதாவின் பாட்டியை வைத்து இந்த நாவலை எழுதியிருக்க முடியாது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருத்தி டில்லிக்குப் போகிறாள். இன்னொருத்தி பக்கத்திலேயே தேவபட்டணத்தில் குடித்தனம் வைக்கிறாள். இனி அவர்களைச் சேர்த்துவைப்பது தபால். ஒரு பெண்ணின் கடிதமே கதையாவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல: நாகப்பட்டினம் காடம்பாடியில் பிறந்த மறைமலையடிகள் 1921-லேயே 'கோகிலாம்பாள் கடிதங்கள்' எழுதியிருக்கிறார். கல்கி கடிதத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார். எழுதுகிறவளுக்கு ஒரு டில்லி. வாசிக்கிறவள் மனசில் கட்டுவது இன்னொரு டில்லி. முதலில் மாளிகையும் தோட்டமும் சினேகிதர்களும் வருகின்றன. நாள் போகப் போக, கடிதத்தில் எது இல்லை என்று பார்க்க லலிதாவும் கற்றுக்கொள்கிறாள், வாசகரும் கற்றுக்கொள்கிறார். அக்காவின் எழுத்தில் 'நாங்கள் சௌக்கியம்' என்பது எந்த அழுத்தத்தோடு வந்திருக்கிறது என்று தங்கைக்குத் தெரியாதா?

இந்தப் பிரிவு கல்கியின் கற்பனை மட்டும் இல்லை. தென்னிந்தியாவின் ஆரம்ப ரயில் பாதைகளில் ஒன்று 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போடப்பட்டது. நெல் ஏற்ற வந்த ரயிலில் பிள்ளைகளும் ஏறினார்கள். மெட்ரிகுலேஷன் படித்த தஞ்சாவூர்ப் பையன்கள் பம்பாய், கல்கத்தா, டில்லி என்று குமாஸ்தா உத்தியோகத்துக்குப் போனார்கள். டில்லியில் வேலை பார்த்த தென்னிந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1923-லேயே அங்கே பள்ளிக்கூடம் தொடங்க வேண்டிய அளவுக்குப் போனார்கள். பின்னாலேயே அவர்கள் கட்டிய பெண்களும் ட்ரங்குப் பெட்டியோடு போனார்கள். ஒரு வீட்டில் மூன்று பெண் என்றால் ஒருத்தி வடக்கே, ஒருத்தி மாயவரத்தில், ஒருத்தி நாகையில் என்று சிதறியது டெல்டாவின் பல குடும்பங்களுக்குச் சொந்தக் கதை.

நாவல் ஏன் நிலைத்தது என்பதற்கான விடை இங்கேதான் கிடக்கிறது. கதாநாயகி சீதா. பூகம்பமும் போராட்டமும் பிரிவினைக் கலவரமும் அவள்மீதுதான் விழுகின்றன. வாசித்தவர்களோ பெரும்பாலும் லலிதாக்கள். ஊரில் இருந்தவர்கள், அல்லது பக்கத்து டவுனுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். போனவளின் கதையை இருந்தவள் வாசித்தாள். வாராவாரம் கல்கி இதழ் தபாலில் வந்ததும் அவளுக்கு டில்லியிலிருந்து அக்கா போட்ட கடிதம் வந்ததும் ஏறக்குறைய ஒரே சம்பவம். 'நான் போயிருந்தால்?' என்று ஒரு நிமிஷமும், 'நல்லவேளை போகவில்லை' என்று அடுத்த நிமிஷமும் நினைக்க வைத்தது அந்தக் கதை. இரண்டையும் சேர்த்து நினைக்க அவளுக்கு வேறு இடம் எது இருந்தது?

சகோதரிகள் என்றால் பாசமலராகவே இருக்க வேண்டும் என்று இரண்டு ஆசிரியர்களும் நினைக்கவில்லை. 'லிட்டில் விமன்' கதையில் ஜோ கையால் எழுதிவைத்த புத்தகத்தை ஏமி கோபத்தில் நெருப்பில் போட்டுவிடுகிறாள். ஜோ பேச மறுக்கிறாள். ஏமி பனிக்கட்டி உடைந்து ஆற்றில் விழும்வரை அந்தக் கோபம் தணியவில்லை. 'அலை ஓசை'யில் தேவபட்டணத்துத் தேர்தலில் பட்டாபிராமன் நிற்கும்போது சீதா அங்கே வந்து தங்கி அவனுக்காகப் பாடுபடுகிறாள். பேச்சு வரும், கூட்டம் கேட்கும், சீதாவுக்கு அது கைவந்த கலை. லலிதாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரு தடவை வரன் போனது, இப்போது புருஷனுமா? பழைய சம்பவத்தில் தனக்கு வருத்தமே இல்லை என்று இத்தனை வருஷம் நம்பியவளுக்குள் அந்த வருத்தம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது தெரியவருகிறது. நாவலின் மிகக் கூர்மையான உளவியல் அங்கேதான் இருக்கிறது. பிரிவினைக் கலவரப் பக்கங்களில்கூட அந்தக் கூர்மை இல்லை.

இன்னொரு ஒற்றுமை. இரண்டு கதையிலும் ஒரு ஆண் ஒரு சகோதரியிடமிருந்து இன்னொரு சகோதரியிடம் நகர்கிறான். லாரி ஜோவைக் கேட்டு, ஏமியைக் கட்டுகிறான். சௌந்தரராகவன் லலிதாவைப் பார்க்க வந்து சீதாவைக் கட்டுகிறான். அவன் மனசில் அதற்கும் முன்பே தாரிணி என்று ஒருத்தி இருக்கிறாள். அந்தத் தாரிணி சீதாவுக்கு அக்கா முறை, துரைசாமியின் இன்னொரு மகள் என்று பிற்பாடு வெளிப்படுகிறது. ஆல்காட்டின் கதையில் தள்ளி நின்ற ஜோவுக்குக் கையில் பேனா இருந்தது, எழுதிச் சம்பாதித்தாள். ஆல்காட்டும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமல் குடும்பத்தைத் தன் எழுத்தால் காப்பாற்றியவர். சீதாவிடம் பேனா இல்லை. அவளுக்கு இருந்தது பேச்சு, அழகு, தைரியம். இந்த மூன்றையும் அன்றைய சமூகம் ஒரு பெண்ணின் சொத்தாக எழுதிவைக்கவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். தற்செயல்கள் தாராளம்: வேஷம் போட்ட தகப்பனார், தொலைந்த அக்கா, சரியான ரயிலில் சரியான ஆள். மூன்றாம் நாலாம் பாகங்களில் செய்தித்தாளின் முதல் பக்கம் கதையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. 1942 ஆகஸ்ட் போராட்டம், நாட்டுப் பிரிவினை, அகதிகள், 1948 ஜனவரி 30 என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் சீதா நிற்க வேண்டியிருக்கிறது. கல்கியின் ஜனரஞ்சக எழுத்தை ஏற்காத விமரிசகர்கள் சுட்டிக்காட்டும் இடங்கள் இவையெல்லாம். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால், கதையைக் கையில் வைத்திருந்த வாசகிக்குச் சீதாவின் உடம்பு சரியில்லை என்பதுதான் செய்தி. மௌண்ட்பேட்டன் அதற்குப் பிறகு.

அவள் கையில் இருந்தது பெரும்பாலும் கடையில் வாங்கிய புத்தகமும் இல்லை. வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, சேர்த்துவைத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டுவது தமிழ் வீடுகளின் பழக்கம். கனத்த அட்டை, முதுகில் காலிகோத் துணி, உள்ளே ஓரம் மடங்கிய பழுப்புத் தாள். ஒரு பக்கத்தில் கதை. அதன் பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு துணுக்கு, ஒரு தைல விளம்பரம், கொஞ்சம் சினிமா விமரிசனம். நடுவில் ஒரு வாரம் காணாமல் போயிருக்கும். அந்த வாரம் என்ன நடந்தது என்று வாசித்தவர் வாய்வழியாகச் சொல்ல வேண்டும். அம்மா கட்டிய பைண்டு மகளுக்கு வந்தது. கல்யாணமாகிப் போகும்போது எந்தப் பெண் எதை எடுத்துப் போவது என்று அக்கா தங்கைக்குள் பஞ்சாயத்தும் வந்தது.

வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 9 பேருக்கும் கீழே. ஆகவே ஒருத்தி வாசித்தாள், மற்றவர்கள் கேட்டார்கள். மத்தியானம் அடுக்களை ஒழிந்ததும் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, பூக் கட்டிக்கொண்டே பாட்டியும் அத்தையும் கேட்டார்கள். சீதா படும் பாட்டுக்கு உச்சுக் கொட்டியவர்களில் பலருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. கல்கியின் வாக்கியங்கள் வாய்விட்டு வாசிக்க வசதியாக இருப்பதை இந்தச் சபையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு புத்தகமாக வந்தது, பல பதிப்புகள் கண்டது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் இப்போது பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போடுகின்றன. மதுரைத் திட்டத்தின் இணையச் சேகரத்தில் முழு நாவலும் இலவசமாகக் கிடைக்கிறது. கல்கி இதழே 2020-ல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. அந்த இதழில் வாராவாரம் வந்த சீதாவும் லலிதாவும் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்களுக்குப் பின்னால் தமிழில் இன்னும் பல சகோதரிகள் வந்தார்கள். 1964-ல் ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய 'புத்தம் வீடு' அந்தக் கதைகளில் தலையாயது. கன்னியாகுமரிப் பக்கத்துப் பனைவிளைக் கிராமத்தில் லிஸியும் லில்லியும் அண்ணன் தம்பி பிள்ளைகள். லிஸி பெரியவளானதும் வீட்டுக்குள் அடைபடுகிறாள். பனையேறியின் மகன் தங்கராஜைக் காதலிக்கிறாள். ஒரு பெண் வளர்வதைப் பெண்ணே எழுதும்போது ஜன்னலின் உயரம்கூட மாறுகிறது என்பதற்கு அது சாட்சி. சினிமாவில் 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', ஜேன் ஆஸ்டினின் சகோதரிகளைக் காரைக்குடிச் சீமைக்குக் கூட்டிவந்தது. வீடு கைவிட்டுப் போனதும் அக்கா சென்னையில் வேலைக்குப் போகிறாள். தங்கை பாடப் போகிறாள். பெண் பார்க்க யாரும் வந்து முடிவு செய்யக் காத்திராத சகோதரிகள்.

மீண்டும் காவிரிக் கரை. ராஜம்பேட்டை அக்கிரகாரத்தின் கடைசி வீட்டைத் தாண்டினால் வயல். அந்த வயலில் நாற்றுப் பறித்த, நடவு நட்ட அக்கா தங்கைகள் கல்கியின் நாவலில் தூரத்து உருவங்கள்தான். அவர்களை நெருங்கிப் பார்க்க ராஜம் கிருஷ்ணனின் 'சேற்றில் மனிதர்கள்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோயில் தெருவிலும் சகோதரிகள் இருந்தார்கள். அவர்களைப் பெண் பார்க்க யாரும் வருவதில்லை. சாமிக்குப் பொட்டுக் கட்டினால் முடிந்தது. புத்தமங்கலம் இருக்கும் அதே மாயவரம் வட்டாரத்தில், மூவலூரில் வளர்ந்த ஒரு பெண்மணி அந்தத் தெருவின் கதையை உள்ளேயிருந்தே எழுதினார். காங்கிரசில் உழைத்து, பிறகு சுயமரியாதை இயக்கத்துக்குப் போன மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்தான் அவர். 'அலை ஓசை'க்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால், 1936-ல், அவருடைய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' வெளிவந்தது. அதன் மையத்திலும் இரண்டு சகோதரிகள். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வர இன்னும் பதினொரு வருஷம் இருந்தது. அந்தச் சகோதரிகளுக்கு அம்மா என்ன பாடம் நடத்தினாள், மைனர் எப்படி மதிபெற்றார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)